நியூட்ரிஷன் தெரிஞ்ச இங்கிலீஷ் - ஜெர்மன் டிரான்ஸ்லேட்டர் எங்க கிடைப்பாங்க? நான் உபயோகிச்சு பாத்த வழிகள் பத்தி ஒரு ரிவ்யூ

சப்ளிமென்ட் லேபிள், டயட் ஆப், ரெசிபி, ஊட்டச்சத்து கட்டுரைன்னு இங்கிலீஷ்ல இருக்கிறத ஜெர்மன்ல கொண்டு வர்ற வேலை ரொம்ப நாளா என் தலைல இருக்கு, அதுக்கு ஆள் தேடுறதுக்குன்னு இருக்கிற வழியெல்லாம் கிட்டத்தட்ட உபயோகிச்சு பாத்தாச்சு. டிரான்ஸ்லேட்டர்களுக்குன்னே இருக்கிற தளமான ப்ரோஸ் டாட் காம், ஜெர்மனியோட டிரான்ஸ்லேட்டர் சங்கமான பி.டி.யூ நடத்துற தேடல் பக்கம், ஏஜென்சி, அப்புறம் எல்லா வேலைக்கும் ஆள் கிடைக்கிற பொதுவான ஃப்ரீலான்ஸ் தளங்கள். கேக்குறவங்களுக்கெல்லாம் தனித்தனியா சொல்றத விட மொத்தமா எழுதி வெச்சிடலாம்னு தோணுச்சு. அவசரத்துல இருக்கிறவங்களுக்கு முடிவ இங்கயே சொல்லிடுறேன்: லேபிள், ஹெல்த் க்ளெய்ம் (இது உடம்புக்கு இன்ன நல்லது செய்யும்னு சொல்ற வாசகம்) மாதிரி சட்டத்துல மாட்டக்கூடிய வேலைன்னா பி.டி.யூ-ல தேடி ஆள நேரடியா பிடிங்க. ஆப், ரெசிபி, கட்டுரைக்கு ப்ரோஸ் நல்லாவே இருக்கு, ஆனா ப்ரொஃபைல எப்படி படிக்கிறதுன்னு தெரிஞ்சிருக்கணும். ஏஜென்சிக்கு போறதா இருந்தா டிரான்ஸ்லேட்டர் கூட பேச விடுவாங்களான்னு கேட்டுட்டு போங்க. பொதுவான ஃப்ரீலான்ஸ் தளம் இந்த வேலைக்கு வேண்டவே வேண்டாம்.

நல்லா ஜெர்மன் தெரிஞ்ச டிரான்ஸ்லேட்டர் யாரா இருந்தாலும் போதாதா, இதுக்கு ஏன் தனியா ஆள்னு கேப்பாங்க. போதாது, ஏன்னு ஒரு லேபிள வெச்சே சொல்றேன். அமெரிக்க லேபிள்ல சோடியம் 400 மில்லிகிராம்னு போட்டிருக்கும், ஐரோப்பிய யூனியன்ல சோடியம்னு அந்த அட்டவணைல போட முடியாது, உப்புன்னு தான் போடணும், சோடியத்த 2.5-ஆல பெருக்கி, அதாவது 1 கிராம் உப்பு. கார்போஹைட்ரேட் இன்னும் மோசம். அமெரிக்கால மொத்த கார்போஹைட்ரேட்டுக்குள்ள நார்ச்சத்தும் சேந்தே இருக்கும், ஐரோப்பால நார்ச்சத்த கழிச்சுட்டு தான் கார்போஹைட்ரேட், அதனால அங்க 30 கிராம் கார்ப், அதுல 8 கிராம் ஃபைபர்னு இருக்கிற பொருளுக்கு ஜெர்மன் லேபிள்ல 22 கிராம் வரணும். வரிசையும் சட்டத்துலயே இருக்கு, முதல்ல எனர்ஜி, அதுவும் கிலோஜூல் முன்னாடி கிலோகலோரி பின்னாடி, அப்புறம் கொழுப்பு, அதுல சாச்சுரேட்டட் எவ்வளவு, கார்போஹைட்ரேட், அதுல சர்க்கரை எவ்வளவு, புரதம், கடைசியா உப்பு. இதெல்லாம் 1169/2011-ங்கிற ஐரோப்பிய ரெகுலேஷன்ல இருக்கு, 2014 டிசம்பர் 13-ல இருந்து அமல்ல இருக்கு, ஊட்டச்சத்து அட்டவணை கட்டாயமானது 2016 டிசம்பர் 13-ல.

கணக்கு போட்டு நம்பர மாத்துறது டிரான்ஸ்லேட்டர் வேலையா? இல்ல, அத லேபும் ஃபுட் டெக்னாலஜிஸ்டும் தான் செய்யணும். ஆனா "இந்த அட்டவணை அமெரிக்க முறைல இருக்கு, இத அப்படியே மொழிபெயர்த்து தர முடியாது, சரியான நம்பர் குடுங்க"ன்னு ஃபைல திறந்த உடனே எழுதுறவங்க தான் நமக்கு வேணும். ஒண்ணுமே சொல்லாம சோடியத்துக்கு ஜெர்மன் வார்த்தைய போட்டு 400-ங்கிற நம்பரையும் அப்படியே வெச்சு அழகா ஃபார்மேட் பண்ணி அனுப்புறவங்க, மொழில எவ்வளவு கெட்டிக்காரங்களா இருந்தாலும், இந்த துறைல வேலை செஞ்சதில்லன்னு அர்த்தம்.

ஹெல்த் க்ளெய்ம் தான் எல்லாத்தையும் விட ஆபத்தான இடம். 1924/2006 ரெகுலேஷன்படி அனுமதி வாங்கின வாசகத்த மட்டும் தான் போடலாம், பெரும்பாலான வைட்டமின், மினரலுக்கான பட்டியல் 432/2012-ல இருக்கு. "இம்யூனிட்டிய பூஸ்ட் பண்ணும்"னு இங்கிலீஷ் விளம்பரத்துல சாதாரணமா எழுதுறாங்க, ஜெர்மன்ல அத எவ்வளவு அழகா எழுதினாலும் பேக்கட்ல போட முடியாது. வைட்டமின் சி நோய் எதிர்ப்பு மண்டலத்தோட இயல்பான செயல்பாட்டுக்கு பங்களிக்குதுங்கிற அர்த்தத்துல பட்டியல்ல ஒரு வாக்கியம் இருக்கு, அதுவும் அந்த பொருள்ல போதுமான வைட்டமின் சி இருந்தா தான் போடலாம். ஒரு ஏஜென்சி எங்களுக்கு ஒரு தடவ அந்த பூஸ்ட் வாக்கியத்த கவிதை மாதிரி ஜெர்மன்ல குடுத்துச்சு, படிச்ச ஜெர்மன்காரங்க எல்லாரும் சூப்பர்னாங்க, ஆனா அத அப்படியே தூக்கி போட வேண்டியதாச்சு. பின்னாடி வந்த ஒரு டிரான்ஸ்லேட்டர் அதே வாக்கியத்த மொழிபெயர்க்காம ஓரத்துல ஒரு கமென்ட் வெச்சாங்க, இதுக்கு அனுமதி இல்ல, பட்டியல்ல இருக்கிற வாசகம் இது, மார்க்கெட்டிங் டீம்கிட்ட கேட்டுட்டு சொல்லுங்கன்னு. அன்னைல இருந்து அவங்கள விடல.

ஜெர்மன் கோர்ட்டும் இதுல கறார் தான். வயித்துக்கு இதமானது, ஒத்துக்கும்ங்கிற மாதிரி அர்த்தம் வர்ற பெகோம்லிஷ்னு ஒரு சாதாரண வார்த்தை, அங்க தினசரி பேச்சுல வர்றது தான். அது ஹெல்த் க்ளெய்ம், ஒயின்ல போடக்கூடாதுன்னு ஐரோப்பிய நீதிமன்றம் 2012-ல சொல்லிடுச்சு, பீர் விளம்பரத்துலயும் கூடாதுன்னு ஜெர்மனியோட உச்ச சிவில் நீதிமன்றம் 2018-ல சொல்லிடுச்சு. டிக்‌ஷ்னரில பாத்தா "ஈஸி டு டைஜெஸ்ட்"டுக்கு இதுவும் வந்து நிக்கும். மதுவுக்கு ஹெல்த் க்ளெய்மே கூடாது, மத்த பொருள்ல போடணும்னாலும் அனுமதி இருக்கான்னு பாக்கணும்னு தெரிஞ்சவங்க தான் அந்த வார்த்தைய தொட யோசிப்பாங்க.

இப்ப தேடுற இடங்கள். ப்ரோஸ் 1999-ல இருந்து இருக்கு, மொழி ஜோடியும் துறையும் குடுத்து தேடலாம், துறை பட்டியல்ல நியூட்ரிஷன்னு தனியாவே இருக்கு. இங்கிலீஷ் - ஜெர்மன்னு போட்டா பேருக்கு பஞ்சமே இல்ல. சிக்கல் என்னன்னா துறைய அவங்கவங்களே டிக் பண்ணிக்கிறது தான், சட்டம், பேங்கிங், ஆட்டோமொபைல், காஸ்மெட்டிக்ஸ் எல்லாத்தையும் டிக் பண்ணிட்டு கடைசில நியூட்ரிஷனையும் டிக் பண்ணி வெச்சிருப்பாங்க. அதனால டிக்க நம்பாம அந்த தளத்துலயே இருக்கிற குடோஸ் பகுதிய பாருங்க. ஒரு டிரான்ஸ்லேட்டருக்கு ஒரு டேர்ம்ல சந்தேகம் வந்தா அங்க கேப்பாங்க, மத்த டிரான்ஸ்லேட்டர்கள் பதில் சொல்லுவாங்க, அதுக்கு பாயிண்ட் உண்டு. நாம எடுக்க நினைக்கிற ஆள் உணவு, மருத்துவம் சம்பந்தமா என்ன பதில் சொல்லியிருக்காங்கன்னு போய் படிச்சா ஆள் யாருன்னு புரிஞ்சிடும். சும்மா டிக்‌ஷ்னரி அர்த்தம் போட்டுட்டு போறவங்களும் இருக்காங்க, ரெகுலேஷனோட ஜெர்மன் பதிப்புல இப்படி தான் இருக்குன்னு லிங்க் குடுத்து விளக்குறவங்களும் இருக்காங்க. ரெண்டாவது ரகத்துக்கு தான் மெயில் போடணும்.

வேலைய பப்ளிக்கா போஸ்ட் பண்ணிட்டு யார் வர்றாங்கன்னு பாக்கலாம்னு நினைக்காதீங்க. இன்பாக்ஸ் ரொம்பிடும், ஃபைல பாக்காமயே ரேட் சொல்றவங்க தான் அதுல அதிகம், நல்ல ஆளுங்களுக்கு ஏற்கனவே கை நிறைய வேலை இருக்கு, அவங்க அந்த கூட்டத்துக்குள்ள வர்றதில்ல. நாமளே தேடி தனியா எழுதுறது தான் பலன் தரும்.

பி.டி.யூ எனக்கு ரொம்ப திருப்தி குடுத்த வழி. 1955-ல ஆரம்பிச்ச சங்கம், உறுப்பினர் ஆகணும்னா படிப்போ அரசு தேர்வோ அனுபவமோ ஏதாவது ஒரு தகுதிய காட்டணும், காசு கட்டினா மட்டும் உள்ள விட மாட்டாங்க. தேடல் பக்கத்துல மொழியும் துறையும் குடுக்கலாம். வர்ற பட்டியல் ப்ரோஸ் அளவுக்கு நீளமா இருக்காது, ஆனா தரம் நல்லா இருக்கும். சிலர் ஊட்டச்சத்து சம்பந்தமா படிச்சிட்டு அப்புறம் மொழிபெயர்ப்புக்கு வந்தவங்க, ஜெர்மனில ஓகோட்ரோஃபோலோகின்னு உணவு, ஊட்டச்சத்து, வீட்டு நிர்வாகம் எல்லாம் சேந்த ஒரு டிகிரி இருக்கு, ப்ரொஃபைல்ல அந்த பேர பாத்தீங்கன்னா கண்ண மூடிட்டு மெயில் போடலாம். குறைன்னு சொன்னா, பதில் வர கொஞ்சம் நேரமாகும், ரேட் பேரத்துக்கு வளைய மாட்டாங்க, ஆகஸ்ட்ல பாதி பேர் லீவுல இருப்பாங்க. கோர்ட்ல சத்தியப்பிரமாணம் எடுத்தவங்கன்னு பட்டியல்ல சில பேருக்கு தனியா குறிப்பு இருக்கும், அது பர்த் சர்ட்டிஃபிகேட், கோர்ட் பேப்பருக்கெல்லாம் வேணும், லேபிளுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, அத பாத்து ஆள தேர்ந்தெடுக்காதீங்க.

ஆஸ்திரியாவுக்கும் ஸ்விட்சர்லாந்துக்கும் சேத்து வேணும்னா தனியா யோசிக்கணும். டயட்டீஷியன்ங்கிற ஒரே இங்கிலீஷ் வார்த்தைய எடுத்துக்கோங்க. ஜெர்மனில சட்டப் பாதுகாப்பு இருக்கிற பேர் டியேட்அசிஸ்டென்ட், ஊட்டச்சத்து ஆலோசகர்னு அர்த்தம் வர்ற எர்னேருங்ஸ்பெராட்டர்ங்கிற பேர அங்க யார் வேணும்னாலும் போட்டுக்கலாம். ஆஸ்திரியால டியேட்டோலோகே தான் முறையா படிச்ச தொழில். ஸ்விட்சர்லாந்துல போனா ஜெர்மனில பாதுகாப்பே இல்லாத அந்த எர்னேருங்ஸ்பெராட்டர் தான் சட்டத்துக்குள்ள வர்ற ஹெல்த் தொழில். "உங்க டயட்டீஷியன்கிட்ட கேளுங்க"ன்னு ஆப்ல ஒரு வரி இருந்தா மூணு நாட்டுக்கும் மூணு விதமா வரணும், இத நாம சொல்லாமலே கேக்குறவங்க கிடைச்சா விட்டுடாதீங்க. ஆஸ்திரியால யூனிவர்சிட்டாஸ்னும், ஸ்விட்சர்லாந்துல அஸ்டின்னும் அங்கங்க சங்கம் இருக்கு, அங்கயும் உறுப்பினர் பட்டியல தேடி பாக்கலாம்.

ஏஜென்சி பத்தி எனக்கு கலவையான அபிப்ராயம் தான். பல மொழிக்கு ஒரே நேரத்துல போகணும்னா அவங்கள விட்டா வழியில்ல, ப்ராஜெக்ட் மேனேஜர் எல்லாத்தையும் பாத்துப்பாங்க. ஐஎஸ்ஓ 17100 சான்றிதழ் இருக்கிற இடம்னா ஒருத்தர் மொழிபெயர்த்தத இன்னொருத்தர் மூலத்தோட ஒப்பிட்டு படிச்சே ஆகணும், அது நல்ல விஷயம். ஆனா அந்த ரெண்டாவது ஆளுக்கு நியூட்ரிஷன் தெரியுமான்னு நாம தான் கேட்டு வாங்கணும். நான் பட்ட கஷ்டம் என்னன்னா, ஒரு ஏஜென்சி ஒவ்வொரு பேட்சுக்கும் வேற வேற ஆள போட்டுச்சு, ஆப்போட ஒரு ஸ்க்ரீன்ல புரதத்துக்கு ஐவைஸ்னு இருக்கு, அடுத்த ஸ்க்ரீன்ல ப்ரோட்டைன்னு இருக்கு, ஒரு இடத்துல யூசர நீங்கன்னு கூப்பிடுது, அடுத்த பக்கத்துல நீன்னு கூப்பிடுது. ஜெர்மன்ல இந்த நீ, நீங்க வித்தியாசம் நம்ம தமிழ் மாதிரியே காதுல உறுத்தும், நமக்கு இத விளக்க வேண்டியதே இல்ல. கேட்டா க்ளாஸரி, அதாவது எந்த வார்த்தைக்கு எத போடணும்ங்கிற பட்டியல், குடுக்கலையேன்னாங்க. க்ளாஸரிய உருவாக்குறதும் சேத்து தான் அவங்ககிட்ட காசு குடுத்தது. இப்ப ஏஜென்சிகிட்ட போனா ஆரம்பத்துலயே கேக்குறது ரெண்டு தான், கடைசி வரைக்கும் அதே ஆள் இருப்பாங்களா, அவங்ககிட்ட நேரா கேள்வி கேக்கலாமா. மழுப்பினா அடுத்த இடம்.

ஜெர்மன் சரளமா படிக்க தெரியாதவங்க எப்படி தரத்த கண்டுபிடிக்கிறதுன்னு நிறைய பேருக்கு பயம் இருக்கு, அதுக்கு நல்ல வழி இருக்கு. யூர்-லெக்ஸ்னு ஐரோப்பிய சட்டங்களோட அதிகாரபூர்வ தளம், இலவசம், எந்த ரெகுலேஷனையும் இங்கிலீஷும் ஜெர்மனும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாக்கலாம். 1169/2011-ஓட பின்னிணைப்ப அப்படி திறந்து வெச்சுக்கிட்டு, வந்த மொழிபெயர்ப்புல இருக்கிற ஊட்டச்சத்து பேர்களும், ரெண்டாவது பின்னிணைப்புல இருக்கிற 14 வகை அலர்ஜி பொருட்களோட பேர்களும் ஒத்துப்போகுதான்னு எழுத்துக்கு எழுத்து பாத்துடலாம், அதுக்கு மொழி அறிவு தேவையே இல்ல. 432/2012-ல க்ளெய்ம் வாசகத்தையும் இப்படியே சரி பாக்கலாம். ஒத்துப்போகலன்னா உடனே சண்டைக்கு போயிடாதீங்க, ஏன் மாத்துனீங்கன்னு கேளுங்க, சில நேரம் நல்ல காரணம் இருக்கும், அந்த பதில்லயே ஆளோட ஆழம் தெரியும்.

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன சாம்பிள், கண்டிப்பா காசு குடுத்து. இலவச டெஸ்ட் கேக்குறது எனக்கு பிடிக்காது, நல்ல ஆளுங்க செய்யவும் மாட்டாங்க. சாம்பிள்ல சில இடத்த வேணும்னே சேப்பேன். ஒரு ரெசிபில முட்டையோட வெள்ளைக்கருவும் வரும், கீழ புரத அளவும் வரும், ஜெர்மன்ல ரெண்டுக்கும் ஐவைஸ்ங்கிற ஒரே வார்த்தைய போட முடியும், படிக்கிறவங்க குழம்பாம இருக்க வெள்ளைக்கருவுக்கு ஐகிளார்னு போடுறாங்களான்னு பாப்பேன். சோயா மில்க்னு ஒரு பொருள் வரும், பால்ங்கிற பேர தாவர பொருளுக்கு வெச்சு விக்கக்கூடாதுன்னு ஐரோப்பிய நீதிமன்றம் 2017-ல தீர்ப்பு குடுத்திருக்கு, அதனால பேக்கட்ல சோயா டிரிங்க்னு தான் வரணும், தேங்காப்பாலுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. ஹோல் கிரெய்ன் பிரட்னு ஒரு வரி, ஜெர்மனில ஃபோல்கோர்ன் பிரட்னு சொல்ல அதுல 90 சதவீதமாவது முழு தானியம் இருக்கணும், அதனால சதவீதம் எவ்வளவுன்னு கேக்குறவங்களுக்கு மார்க் போடுவேன். 200 கிலோகலோரி இருக்கிற பார்ல 8 கிராம் புரதம்னு குடுத்து மேல ஹை ப்ரோட்டீன்னு எழுதியிருப்பேன். புரதத்துல இருந்து வர்ற எனர்ஜி 32 கிலோகலோரி, அதாவது 16 சதவீதம், ஹைன்னு போட 20 சதவீதம் வேணும், 12 இருந்தா புரதம் இருக்கு, சோர்ஸ்னு மட்டும் போடலாம். இத பிடிச்சவங்கள நான் வேற எதுவும் கேக்காம எடுத்துப்பேன்.

நம்பர் எழுதுற முறைல தான் உயிரே இருக்கு. இங்கிலீஷ்ல 1,000 மில்லிகிராம்னா ஆயிரம், ஜெர்மன்ல கமா தான் தசம புள்ளி, அதே 1,000-ஐ அப்படியே விட்டா ஒரு மில்லிகிராம்னு படிப்பாங்க. சப்ளிமென்ட்ல இது சின்ன தப்பு இல்ல. வைட்டமின் டி 1000 ஐயூன்னு (இன்டர்நேஷனல் யூனிட்) இருந்தா லேபிள்ல 25 மைக்ரோகிராம்னு வரணும், பக்கத்துல தினசரி அளவுல 500 சதவீதம்னும் வரணும், ஏன்னா ஐரோப்பிய ரெஃபரென்ஸ் அளவு 5 மைக்ரோகிராம். சப்ளிமென்ட்ல வைட்டமின் டி ஒரு நாளைக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேல வேண்டாம்னு பி.எஃப்.ஆர்-ங்கிற ஜெர்மன் அரசு நிறுவனம் பரிந்துரை குடுத்திருக்குன்னு ஒரு டிரான்ஸ்லேட்டர் தகவலுக்குன்னு எழுதி அனுப்பினாங்க, அது அவங்க வேலையே இல்ல, ஆனாலும் சொன்னாங்க.

சர்க்கரை நோயாளிகளுக்கான ஆப் பண்றவங்களுக்கு ஒரு வார்த்தை. ஜெர்மனில கார்ப் எண்ண ப்ரோட் ஐன்ஹைட்னு ஒரு கணக்கு, ஒண்ணுக்கு 12 கிராம் கார்போஹைட்ரேட், 10 கிராம் கணக்கும் புழக்கத்துல இருக்கு. ரத்த சர்க்கரைய மேற்குப் பகுதில மில்லிகிராம்லயும் பழைய கிழக்கு ஜெர்மனி பகுதில மில்லிமோல்லயும் பாத்து பழகியிருக்காங்க. ரெண்டையும் காட்டணுமான்னு கேக்காத டிரான்ஸ்லேட்டர்கிட்ட இந்த வேலைய குடுக்காதீங்க, இங்க தப்பு நடந்தா பாதிக்கப்படுறது ஒரு நோயாளி.

டீப்எல் மாதிரி மெஷின் டிரான்ஸ்லேஷன் போதாதான்னும் கேக்குறாங்க. கட்டுரைக்கு முதல் ட்ராஃப்ட் எடுக்க நல்லா இருக்கு, வாக்கியம் வழவழன்னு வரும், ஆனா மேல சொன்ன க்ளெய்ம், சோடியம் எதையும் அது தானா நிறுத்தி நம்மகிட்ட கேக்காது. மெஷின் ட்ராஃப்ட குடுத்து திருத்தி குடுங்கன்னு கேட்டா சில பேர் கம்மியா வாங்கிப்பாங்க, லேபிளுக்கு அப்படி செய்றத நல்ல ஆளுங்க பலர் ஒத்துக்கறதில்ல, அது நியாயம் தான்னு நினைக்கிறேன்.

காசு விஷயத்துல ஒண்ணு தெரிஞ்சு வெச்சுக்கோங்க. ஜெர்மனில பல பேர் வார்த்தை கணக்குல வாங்க மாட்டாங்க, நோர்ம்ட்சைலேன்னு ஸ்பேஸும் சேத்து 55 எழுத்து இருக்கிற ஒரு வரி தான் கணக்கு, அதுவும் பெரும்பாலும் முடிச்ச ஜெர்மன் டெக்ஸ்ட வெச்சு எண்ணுவாங்க. இங்கிலீஷ விட ஜெர்மன் நீளமா வரும், அதனால ரெண்டு பேரோட கொட்டேஷன ஒப்பிடும்போது எத எண்ணுறாங்கன்னு பாத்துட்டு ஒப்பிடுங்க. ஒரு லேபிள் மட்டும்னா மினிமம் சார்ஜ் போடுவாங்க, சின்ன சின்னதா அனுப்பாம சேத்து அனுப்பினா மிச்சமாகும்.

கடைசியா, மொழிபெயர்ப்பு வந்ததோட வேலை முடிஞ்சிடாது. டிசைனர் லேஅவுட் போட்ட பிடிஎஃப்ப அதே டிரான்ஸ்லேட்டர்கிட்ட திரும்ப காட்டறதுக்கும் சேத்து முதல்லயே ரேட் பேசிக்கோங்க. நீளமான ஜெர்மன் வார்த்தைய டிசைனர் தப்பான இடத்துல உடைப்பாங்க, அலர்ஜி பொருட்களுக்கு போட்ட போல்ட் காணாம போயிருக்கும், இடம் பத்தலன்னு எழுத்த சுருக்குவாங்க. சின்ன எக்ஸ் எழுத்தோட உயரம் 1.2 மில்லிமீட்டருக்கு குறையக்கூடாது, பெரிய பக்கமே 80 சதுர சென்டிமீட்டருக்கு கீழ இருக்கிற குட்டி பேக்குக்கு மட்டும் 0.9 வரைக்கும் போகலாம். சப்ளிமென்ட்டா இருந்தா அளவ தாண்டாதீங்க, சின்ன குழந்தைங்க கைக்கு எட்டாம வைங்க, சமச்சீரான சாப்பாட்டுக்கு இது மாற்று இல்லங்கிற எச்சரிக்கை வரிகள் மூணும் இருக்கான்னு பாக்க சொல்லுங்க, ஏன்னா விற்பனைக்கு விடும்போது பி.வி.எல்-ங்கிற அரசு அலுவலகத்துக்கு அந்த லேபிளோட ஒரு மாதிரிய வெச்சு தான் தகவல் குடுக்கணும்.